கோப்பைக்கு அடுத்த பருவம்

சைனாடவுன் ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி அப்பர் கிராஸ் ஸ்திரீட் பக்கம் வந்தால் பீப்பிள்ஸ் பார்க் சென்டர். மலேசியாவுக்குப் பேருந்துச் சீட்டு விற்கும் பயண நிறுவனங்கள், காசு மாற்றும் கடைகள், பாதம் பிடித்துவிடும் நிலையங்கள் என்று பழைய சிங்கப்பூர் இன்னும் விட்டுப்போகாத கட்டடம். இங்கே ஒரு காற்பந்துக் கிளப் குடியிருந்தது. புல்தரையும் இல்லை, கோல் கம்பமும் இல்லை. ஒரு கிளப்ஹவுஸ், அதற்குள் 29 ஜாக்பாட் இயந்திரங்கள். பெயர் தியோங் பாரு எஃப்சி. தொழில்முறை லீக்கில் ஆடிய குழுகூட அல்ல. அதற்குக் கீழே, பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பந்து உதைக்கிறவர்களின் தேசிய லீக்கில் இருந்தது. 2016 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதன் வருமானம் 36.8 மில்லியன் வெள்ளி என்று மறு ஆண்டு செய்தித்தாள்களில் வந்தபோது, பந்து பக்கமே போகாதவர்கள்கூட வாயைப் பிளந்தார்கள்.

ஃபுட்பால் மேனேஜர் என்ற கணினி விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு இந்தச் செய்தி இன்னும் விசித்திரமாக இருந்திருக்கும். அந்த விளையாட்டில் டிக்கெட் விற்கலாம், சட்டை விற்கலாம், ஆட்டக்காரரை விற்கலாம். ஜாக்பாட் இயந்திரம் வைக்க ஒரு பொத்தான்கூடக் கிடையாது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இங்கிலாந்தில் பால், ஆலிவர் கோல்யர் என்ற இரண்டு சகோதரர்கள் எழுதி 1992இல் வெளியான சாம்பியன்ஷிப் மேனேஜர்தான் இதன் மூலம்; 2004 முதல் ஃபுட்பால் மேனேஜர் என்ற பெயரில் வருகிறது. இதில் நீங்கள் பந்தை உதைப்பதில்லை. யார் ஆடுவது, யாரை வாங்குவது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று தீர்மானிக்கிறீர்கள். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓட்டம், பாஸ், துணிச்சல், பொறுமை என்று பல குணங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண். அந்த மதிப்பெண்களை உலகம் முழுக்க உள்ள உள்ளூர் ஆர்வலர்கள் திரட்டித் தருகிறார்கள். தகவல் அவ்வளவு விரிவானது என்பதால் 2008இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கிளப் ஆட்டக்காரர்களைத் தேடுவதற்கு இந்தத் தரவுத்தளத்தைப் பயன்படுத்தவே ஒப்பந்தம் போட்டது.

மான்செஸ்டர் சிட்டியை எடுத்துக்கொண்டு கோப்பை வாங்குவதில் இந்த விளையாட்டை ஆடுகிறவர்களுக்குப் பெருமை கிடையாது. ஊர் பேர் தெரியாத ஒரு கிளப்பை, கீழ்ப்பிரிவிலிருந்து, கடனோடு எடுக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து சும்மா இருப்பவர்களைக் காசில்லாமல் சேர்க்க வேண்டும், பெரிய கிளப்பின் இளைஞர்களை லோனில் வாங்க வேண்டும், பதினேழு வயதுப் பையன் ஒருவனை வளர்த்து இருபத்தொன்றில் நல்ல விலைக்கு விற்க வேண்டும், அந்தக் காசில் பயிற்சித் திடலைச் செப்பனிட வேண்டும். பத்துப் பதினைந்து பருவம் போனால் ஐரோப்பியக் கோப்பை. இரவு இரண்டு மணிக்கு ‘இன்னும் ஒரே ஓர் ஆட்டம்’ என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் வீட்டில் கேட்டுப் பாருங்கள், இந்தக் கதையின் மறுபக்கம் தெரியும்.

இது முழுக் கற்பனையும் அல்ல. மேற்கு லண்டனின் பிரென்ட்ஃபர்ட் 2009இல் இங்கிலாந்தின் நான்காம் நிலை லீக்கை வென்று மேலே வந்தது; 2021இல் பிரிமியர் லீக்கில் நின்றது. புள்ளிவிவரக் கணக்கில் பந்தயம் கட்டிச் சம்பாதித்த மேத்யூ பென்ஹம் அதன் உரிமையாளர். ஆனால் அந்தக் கிளப்புக்கு ஏறுவதற்குப் படி இருந்தது. ஒவ்வொரு படியிலும் தொலைக்காட்சிப் பணம் கூடியது, பார்வையாளர் கூடினர், விற்கிற ஆட்டக்காரரின் விலையும் கூடியது.

அப்படிப் படியேறிப் பழகியவர் ஃபுட்பால் மேனேஜரில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தால் (2024 பதிப்பு வரை ஆடத்தக்க நாடுகளில் சிங்கப்பூரும் உண்டு) முதல் பருவத்திலேயே திகைத்துப்போவார். ஒரே ஒரு பிரிவு. மேலே ஏறவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது. கடைசியில் வந்தாலும் அடுத்த ஆண்டு அதே இடம்.

திரைக்கு வெளியே நிலைமை இன்னும் இறுக்கம். குழுக்கள் ஆடும் அரங்குகள் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தமானவை. விரிவாக்கி டிக்கெட் வருமானத்தைப் பெருக்குவது என்ற பேச்சே இல்லை. வளர்த்தெடுத்த பையனுக்குப் பதினெட்டு வயதானதும் இரண்டு ஆண்டு தேசிய சேவை. 2018இல் பெஞ்சமின் டேவிஸ் என்ற இளைஞர் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் கிளப்பில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்றபோதும் சேவையைத் தள்ளிவைக்கத் தற்காப்பு அமைச்சு ஒப்பவில்லை. ‘பதினேழில் வளர்த்து இருபத்தொன்றில் விற்பது’ என்ற சூத்திரம் இந்த ஊரில் நடுவிலேயே ஒடிந்துவிடும்.

அதனால்தான் ஜாக்பாட். 1996 ஏப்ரலில் எட்டுக் குழுக்களுடன் சிங்கப்பூரின் தொழில்முறை லீக்கான எஸ்.லீக் தொடங்கியதிலிருந்தே கிளப்களின் முதுகெலும்பு இரண்டு: டோட் போர்டு வழியாக வரும் மானியம், கிளப்ஹவுஸ் ஜாக்பாட். டோட் போர்டின் பணமும் லாட்டரி, பந்தயம் ஆகியவற்றின் உபரியிலிருந்து வருவதுதான். ஆக, எப்படிப் பார்த்தாலும் இந்த ஊர்க் காற்பந்து பெரும்பாலும் சூதாட்டக் காசில்தான் ஓடியிருக்கிறது. தியோங் பாரு செய்தி வெளியான சில மாதங்களில், 2017 ஜூலையில், உள்துறை அமைச்சு ஜாக்பாட் இயந்திரங்களுக்கான விதிகளை இறுக்கியது.

சைனாடவுனுக்கு அடுத்த வட்டாரத்தின் பெயரைத் தாங்கிய தஞ்சோங் பகார் யுனைடெட்டின் கதையைப் பாருங்கள். எஸ்.லீக்கின் முதல் எட்டில் ஒன்றான தியோங் பாரு யுனைடெட்தான் 1998இல் இந்தப் பெயருக்கு மாறியது. (பெயர் ஒத்திருப்பதால் பீப்பிள்ஸ் பார்க்கின் 29 இயந்திரங்களோடு முடிச்சுப் போட வேண்டாம், அது வேறு கிளப்.) பெயர் மாறிய அதே ஆண்டில் எஃப்ஏ கோப்பையையும் முதலாவது சிங்கப்பூர்க் கோப்பையையும் சேர்த்து வென்றது. விளையாட்டில் இது நடந்திருந்தால் அடுத்த திரையில் நிர்வாகக் குழு பாராட்டுக் கடிதம் அனுப்பியிருக்கும். நிஜத்தில் ஆறே ஆண்டில் கையில் காசில்லாமல் லீக்கிலிருந்து ஒதுங்கியது. 2011இல் திரும்பியது. 2014க்குப் பின் மறுபடி ஒதுங்கியது. 2020இல் மறுபடி வந்தது, வாரியர்ஸ் எஃப்சி வெளியேறிய இடத்தில். அந்த வாரியர்ஸ், ஆயுதப் படையின் குழுவாகத் தொடங்கி ஒன்பது முறை லீக் வென்ற கிளப். இந்த ஊரில் தரமிறக்கம் என்பது கிடையாது. காணாமற்போவது மட்டும் உண்டு.

ஏறுவதைவிட நிற்பது கடினம் என்பதற்கு இங்கே சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 2010இல் பிரெஞ்சு ஆட்டக்காரர்களை வைத்து எட்வால் எஃப்சி என்ற குழு புதிதாக உள்ளே வந்தது. முதல் பருவத்திலேயே லீக்கும் லீக் கோப்பையும். எஸ்.லீக்கை வென்ற முதல் வெளிநாட்டுக் குழு அதுதான். இரண்டாம் பருவம் முடிந்ததும் இல்லாமற்போனது. இப்போது கடைவீதியில் பத்துப் பேரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் எட்டுப் பேர் செருப்புக் கடையா என்று கேட்பார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஜப்பானின் நீகாட்டா நகரக் கிளப்பான அல்பிரெக்ஸ் 2004இல் தன் இளைஞர்களை ஆடவிட்டுப் பழக்குவதற்காகச் சிங்கப்பூருக்கு ஒரு கிளைக் குழுவை அனுப்பியது. முதல் சில ஆண்டுகள் நடுவரிசை, சில சமயம் அதற்கும் கீழே. 2008இல் தைசுகே கோரெனாகா தலைமை ஏற்றார். அவர் காற்பந்தில் பெயர் எடுத்தவர் அல்ல, வியாபாரம் தெரிந்தவர். கிளப்ஹவுஸ் ஜாக்பாட் வருமானத்தை ஒழுங்குபடுத்தினார், காற்பந்துப் பள்ளி நடத்தினார், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஜப்பானியர்களையும் ஜப்பானிய நிறுவனங்களையும் அரங்குக்குள் இழுத்தார். ஜூரோங் ஈஸ்ட் அரங்கத்தில் ஆட்ட நாளில் சாப்பாட்டுக் கடை, நடனம், பிள்ளைகளுக்கு விளையாட்டு என்று திருவிழாவாக்கினார். கணக்குப் புத்தகம் நேரான பிறகுதான் கோப்பை அலமாரி நிறையத் தொடங்கியது. 2011இல் முதல் கோப்பையாக லீக் கோப்பை. 2016இல் லீக், சிங்கப்பூர்க் கோப்பை, லீக் கோப்பை, சமூகக் கேடயம் நான்கும் ஒரே பருவத்தில். 2017இல் அதே நான்கும் மறுபடியும். 2018இல் லீக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. பிறகு 2020, 2022, 2023 பட்டங்கள்.

கோரெனாகா செய்ததை ஃபுட்பால் மேனேஜர் ஆடும் எவரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்: ஜப்பானியப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் கீழ்ப்பிரிவுகளிலிருந்தும் பசியோடு வரும் இளைஞர்களைக் குறைந்த சம்பளத்துக்கு எடுப்பது, ஓரிரு பருவம் ஆடவிடுவது, அனுப்பிவிட்டு அடுத்த வரிசையைக் கொண்டுவருவது. ஆண்டுதோறும் குழு ஏறக்குறைய புதிதாகிவிடும். ஆடும் முறை மட்டும் மாறாது. அந்த வழியாக 2019இல் வந்தவர்தான் கியோகா நாகமுரா. மறு ஆண்டு தெம்பனிஸ் ரோவர்ஸுக்குப் போனார், 2024இல் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றார், இப்போது தேசியக் குழுவின் நடுக்களத்தில் ஆடுகிறார்.

ஆனால் இந்தக் கிளப்புக்கும் ஒரு சுவர் இருந்தது. வெளிநாட்டுக் கிளப்பின் கிளை என்பதால் லீக்கை எத்தனை முறை வென்றாலும் ஆசியப் போட்டிக்குச் சிங்கப்பூர் சார்பில் போக முடியவில்லை. வழக்கமாக இரண்டாம் இடத்தில் வந்தவருக்கே அந்த இடம். சிங்கப்பூர் லீக்கை ஜப்பானியர்களே வென்றுகொண்டிருந்தால் எப்படி என்ற முணுமுணுப்பும் ஓயவில்லை. அந்த முணுமுணுப்பில் நியாயமும் உண்டு, பொறாமையும் உண்டு. கடைசியில் கிளப்பே உள்ளூர்க் கிளப்பாக மாறும் வழியைத் தேர்ந்தெடுத்தது. அதன் பெயரும் எஃப்சி ஜூரோங் என்று மாறியது.

இனி சைனாடவுனிலிருந்து தேக்கா பக்கம். ஆண்டுதோறும் தீமிதி நாளில் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாச பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் பக்தர்கள் சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில்வரை நடந்து வருவார்கள். அந்த வழியைத் தலைகீழாகப் போட்டால் பெருமாள் கோயிலைத் தாண்டிச் சிறிது தூரத்தில் டிர்விட் சாலையில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம். 1929இல் திறந்தது. இந்த நாட்டின் காற்பந்துக்குத் தாய்வீடு என்றே பழையவர்கள் சொல்வார்கள்.

2013 ஜூலை 2 இரவு அந்த அரங்கத்தில், மலேசிய லீக்கில் ஆடிவந்த சிங்கப்பூரின் லயன்ஸ் டுவெல்வ் குழு மலேசியாவின் ஃபெல்டா யுனைடெட்டை 4-0 என்று தோற்கடித்து மலேசிய சூப்பர் லீக்கை வென்றது. பயிற்றுவிப்பாளர் வி. சுந்தரமூர்த்தி. எண்பதுகளில் சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் அந்தப் பெயரைச் சொல்லாத நாள் இருந்திருக்காது. பந்தோடு அவர் வளைந்து நுழையும் அழகுக்காக ஆங்கில இதழ்கள் அவரை ‘டாஸ்லர்’ என்றன. எண்பதுகளின் இறுதியில் ஸ்விட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப்புக்கு ஆடப் போனவர். லயன்ஸ் டுவெல்வில் அவருக்குக் கிடைத்தது வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாத, இளைஞர்கள் நிறைந்த ஒரு குழு. எதிரணிகளிடம் பிரேசில், ஆப்பிரிக்கத் தாக்குதல் ஆட்டக்காரர்கள். அவர் தற்காப்பை இறுக்கினார், கிடைக்கிற ஒரு வாய்ப்பில் அடித்தார். அழகாக ஆடியவர் அழகற்ற ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிறாரே என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். கையில் இருப்பதைப் பார்த்து ஆட்டமுறையை அமைத்தார் என்பதே சரி. முதல் பருவத்தில் இரண்டாமிடம், இரண்டாம் பருவத்தில் பட்டம்.

பயிற்றுவிப்பாளர் ஃபான்டி அகமது தலைமையில் அதே குழு 2015 மே மாதம் மலேசிய எஃப்ஏ கோப்பையையும் வென்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் குழுவே இல்லை. இரு நாட்டுச் சங்கங்களுக்கிடையே இருந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மேலாளர் பதவியிலிருந்து உங்களை நீக்குவதற்கு விளையாட்டில் நூறு காரணம் உண்டு. கோப்பை வென்ற கிளப்பே ஆறு மாதத்தில் மறைந்துபோவதை எழுத எந்த நிரலாளருக்கும் தோன்றியிருக்காது.

சுந்தரமூர்த்தி பின்னர் தெம்பனிஸ் ரோவர்ஸ் போனார். 2016இல் தேசியக் குழுவுக்கு அழைக்கப்பட்டார். அவர் விட்டுப்போன இடத்தில் தெம்பனிஸின் பொறுப்பை ஏற்றவர் அக்பர் நவாஸ். அப்போது லிவர்பூலின் பழைய ஆட்டக்காரர் ஜெர்மெய்ன் பென்னன்ட் அங்கே ஆடிக்கொண்டிருந்ததால் பத்திரிகைகளின் கண்ணெல்லாம் பென்னன்ட் மேல். பயிற்றுவிப்பாளரை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 2018இல், அந்த அக்பர் நவாஸ் கோயம்புத்தூரில் இறங்கினார். சின்னக் கிளப்பைப் பெரிதாக்கும் கனவுக்குத் தமிழர் வட்டாரத்தில் நிஜமான சான்று வேண்டுமென்றால் இதைவிட நல்லது கிடைக்காது.

சென்னை சிட்டி எஃப்சி. பெயரில் சென்னை இருந்தாலும் ஆடியது கோவை ஜவஹர்லால் நேரு அரங்கத்தில். சென்னை நேரு அரங்கம் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) குழுவான சென்னையின் எஃப்சியின் வசம். இந்தியாவின் ஐ-லீக்கில் 2016-17இல் நுழைந்த குழு. 2017-18 பருவத்தில் பத்துக் குழுக்களில் எட்டாம் இடம். எதிரில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் போன்ற நூற்றாண்டுப் பெயர்கள். அங்கே ஒரு ஆட்டத்துக்கு வரும் கூட்டம் கோவையில் ஒரு பருவத்துக்கு வந்தால் பெரிது.

நவாஸும் உரிமையாளர் ரோகித் ரமேஷும் செய்தது அச்சு அசல் ஃபுட்பால் மேனேஜர் வேலை. இந்தியாவில் மற்றவர்கள் ஏற்கெனவே பெயர் தெரிந்த வெளிநாட்டவரைத் தேடியபோது, இவர்கள் ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளில் தேடினார்கள். பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா என்று நால்வர். அவர்களோடு உள்ளூர்ப் பையன்கள்: சென்னை எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்றவர்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுவது, பின்னாலிருந்தே கட்டி எழுப்புவது என்று ஆட்டமுறை முதல் ஆட்டத்திலிருந்தே தெளிவு. மான்சி மட்டும் அந்த லீக்கில் 21 கோல் அடித்தார்.

2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டி வென்றால் பட்டம். தவறினால் ஈஸ்ட் பெங்கால் தட்டிப்பறிக்கும். எதிரே முந்தைய ஆண்டுச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டது. கோவை அரங்கம் அப்படியே உறைந்தது. இடைவேளைக்குப் பின் மான்சி பெனால்ட்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா என்ற இளம் தற்காப்பு ஆட்டக்காரர் இரண்டு கோல். 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் தன் ஆட்டத்தை வென்றுவிட்டது. பட்டியல் முடிவில் 43க்கு 42. ஒரே ஒரு புள்ளி.

அடுத்த மாதம் சூப்பர் கோப்பையில் ஐஎஸ்எல் சாம்பியனான பெங்களூரு எஃப்சியைக் காலிறுதியில் 2-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு எஃப்சி பாசல், ஆம், சுந்தரமூர்த்தி ஆடிய அதே பாசல், சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. இங்கே விளையாட்டு ஆடுகிறவர் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்.

நிஜத்தில் அந்தக் கோப்பைக்கு மேலே படி இல்லை. 2019-20 முதல் ஐஎஸ்எல் இந்தியாவின் முதல்நிலை லீக் ஆனது. ஐ-லீக் சாம்பியன் அதற்குள் ஏறும் வழி 2022-23 பருவத்தில்தான் திறந்தது. தொலைக்காட்சிப் பணமும் விளம்பரமும் மேல்மாடியில். கீழே இருப்பவர்களின் நல்ல ஆட்டக்காரர்களை மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வது அடுத்து நடந்தது. கோர்டில்லோ ஹைதராபாத் போனார். வன்ஸ்பால் சென்னையினுக்கு. ரொமாரியோ கோவாவுக்கு. மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பான் கிளப் ஒன்றுக்கு விற்கப்பட்டார். எந்தக் கிளப் தெரியுமா? அல்பிரெக்ஸ் நீகாட்டா. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1 தோல்வி. பிறகு கொரோனா. நவாஸ் போன பிறகு பொறுப்பேற்றவரும் ஒரு சிங்கப்பூர்க்காரர்தான், சத்யசாகரா. 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

இரண்டே ஆண்டு. சாம்பியன் என்ற இடத்திலிருந்து பெயரே இல்லாத இடத்துக்கு.

யாரைக் குறை சொல்வது என்று தேடுவதைவிடக் கணக்கைப் பார்ப்பது நல்லது. மான்சியை விற்றது தவறல்ல. சின்னக் கிளப் விற்றுத்தான் பிழைக்க முடியும். விற்ற காசு அடுத்த மான்சியைத் தேடும் ஏற்பாட்டுக்குப் போனதா என்பதே கேள்வி. அல்பிரெக்ஸ் சிங்கப்பூர் ஆண்டுதோறும் பாதிக் குழுவை இழந்தும் நிலைத்தது. காரணம், ஜப்பானிலிருந்து அடுத்த வரிசை வந்துகொண்டே இருக்கும் குழாய் ஒன்று முன்பே போட்டுவைக்கப்பட்டிருந்தது. கோவையில் முதல் வரிசை வந்தது. குழாய் போடுவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.

வேறொரு வழியும் உண்டு: விளையாட்டில் ‘பணக்கார உரிமையாளர் கிளப்பை வாங்கினார்’ என்று செய்தி வருமே, அது. சிங்கப்பூரில் அது நடந்தது, அதுவும் ஒரு விளையாட்டு நிறுவனத்தின் கையால். கரீனா என்ற பெயரில் கணினி, கைப்பேசி விளையாட்டுகளை வெளியிட்டு வளர்ந்த சீ நிறுவனம் (ஃப்ரீ ஃபயர் ஆடாத பள்ளிப் பிள்ளை இந்த வட்டாரத்தில் குறைவு, தென்கிழக்காசியாவில் ஃபிஃபா ஆன்லைன் காற்பந்து விளையாட்டை நடத்தியதும் இவர்களே) 2020 பிப்ரவரியில் ஹோம் யுனைடெட்டை எடுத்துக்கொண்டது. 1940இல் காவல்துறையின் சங்கமாகத் தொடங்கிய குழு அது. லயன் சிட்டி செயிலர்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். நாட்டின் முதல் தனியார் காற்பந்துக் கிளப். 2021 தொடக்கத்தில் போர்ச்சுகலின் ரியோ ஆவே கிளப்பிலிருந்து தியேகோ லோப்பஸை ஏறத்தாழ 1.8 மில்லியன் யூரோவுக்கு வாங்கினார்கள் என்று செய்தி வந்தது. இந்த லீக் அதுவரை கேள்விப்படாத தொகை. அந்த ஆண்டே பட்டம். 2022 ஏப்ரலில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் கொரியாவின் தேகு எஃப்சியை 3-0 என்று வீழ்த்தினார்கள். 2025 மே 18 பீஷான் அரங்கத்தில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூ இறுதி ஆட்டம். ஆசிய கிளப் இறுதியில் சிங்கப்பூர்க் கிளப் ஒன்று நின்றது அதுவே முதல் முறை. தொண்ணூறு நிமிடம் கடந்து மாக்சிம் லெஸ்டியன் சமன் செய்தார். அரங்கம் கொண்டாடி முடிப்பதற்குள் எதிரணியான ஷார்ஜா இரண்டாவது கோல் போட்டுவிட்டது.

பணத்தால் வாங்கியது என்று இளப்பமாகச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. அதே பணம் பயிற்சி மையத்துக்கும் இளையர் பள்ளிக்கும் போயிருக்கிறது. எம். அனுமந்தன் போன்ற உள்ளூர் நடுக்கள ஆட்டக்காரர் ஹவ்காங், கெடா என்று சுற்றிவிட்டுத் திரும்பிவரத் தகுந்த இடம் ஒன்று உள்ளூரிலேயே இருக்கிறது. ஆனால் மற்ற ஏழு குழுக்களும் மானியத்தை எண்ணிக்கொண்டிருக்க ஒன்று மட்டும் இப்படி ஓடினால் போட்டி எப்படி இருக்கும் என்ற கவலை பொய்யல்ல. சீ நிறுவனர் ஃபாரஸ்ட் லீ 2025இல் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைவரும் ஆகிவிட்டார். அந்தக் கவலைக்கு விடை சொல்ல வேண்டியவர் இனி அவரேதான்.

ஹவ்காங்கையும் சொல்லாமல் விடக் கூடாது. மரின் காசல், செங்காங் மரின், செங்காங் பொங்கோல் என்று பெயர் மாற்றி மாற்றி வந்த கிளப். 1998இல் லீக்கில் நுழைந்தும் 2022 வரை பெரிய கோப்பை ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு சிங்கப்பூர்க் கோப்பை இறுதியில் தெம்பனிஸை 3-2 என்று வென்றபோது அதன் ரசிகர்கள் அழுததில் வியப்பில்லை.

ஃபுட்பால் மேனேஜர் ஆடுகிறவர்கள் தங்களுக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் இப்போது சிங்கப்பூரிலேயே இருக்கிறது: கவின் லீ. 1990இல் பிறந்தவர், தொழில்முறையாக ஆடியதே இல்லை. முப்பதை ஒட்டிய வயதில் தெம்பனிஸ் ரோவர்ஸின் தலைமைப் பயிற்றுவிப்பாளர். 2025 நவம்பர் 18 அன்று ஹாங்காங்கின் கை தாக் அரங்கத்தில் அவர் பொறுப்பில் தேசியக் குழு 2-1 என்று வென்று 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. போட்டி நடத்தும் நாடு என்ற சலுகையில் இல்லாமல் ஆடித் தகுதி பெற்றது இதுவே முதல் முறை. அவர் கணினியில் மேலாளராகி அங்கே வரவில்லை, திடலில் நின்று வந்தார். அந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம்.

சரி, இந்தக் கதையெல்லாம் படித்துவிட்டுச் சிங்கப்பூர்க் குழு ஒன்றை எடுத்து ஆடிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறவர்கள் 2024 பதிப்பில் தஞ்சோங் பகாரை எடுங்கள். செயிலர்ஸை எடுத்தால் சுவை இல்லை. அல்பிரெக்ஸ் ஏற்கெனவே நேரான வீடு. தஞ்சோங் பகாரில் தொடக்கத்தில் காசும் இல்லை, பெயரும் இல்லை. தரமிறக்கம் இல்லாததால் முதல் இரண்டு பருவம் கடைசியில் வந்தாலும் பாதகமில்லை. அந்த இரண்டு பருவத்தையும் பையன்களை ஆடவிடுவதற்குப் பயன்படுத்துங்கள். அதே பதிப்பில் ஜப்பான் லீக் முதன்முறையாகச் சேர்ந்திருக்கிறது, கோரெனாகா தேடிய இடத்திலேயே நீங்களும் தேடலாம். முதல் கோப்பை வந்த இரவு உடனே அடுத்த ஆட்டத்துக்குப் போகாமல் ஒப்பந்தப் பட்டியலைத் திறந்து, யாருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, அவர்கள் இடத்துக்கு யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். சென்னை சிட்டியின் பட்டியலில் அந்த இரண்டாம் பத்தி காலியாக இருந்தது.